அமெரிக்காவில் படிக்கும்போது ஸ்டேட்டஸைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

"பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அடுத்த மாதம் முடிகிறது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இப்போதே கிளம்பிவிட வேண்டுமா?" அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும் பயம் இது. கிளம்ப வேண்டியதில்லை. விசா முடிந்தாலும் அங்கேயே இருந்து படிப்பை முடிக்கலாம். ஆனால் அதே மாணவர் போன செமஸ்டரில் யாரிடமும் கேட்காமல் ஒரு பாடத்தைக் கைவிட்டிருந்தால், விசாவில் இன்னும் நான்கு வருடம் பாக்கி இருந்தாலும் அவர் சிக்கலில் இருக்கிறார். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமென்றால், விசா என்ன செய்கிறது, ஸ்டேட்டஸ் என்ன செய்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விசாவைத் தருவது அமெரிக்க வெளியுறவுத் துறை, தன் தூதரகங்கள் வழியாக. அந்நாட்டின் நுழைவாயில் வரை போய், "என்னை மாணவராக உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான அனுமதி அது. அதோடு அதன் வேலை முடிந்தது. விமான நிலையத்தில் எல்லைப் பாதுகாப்பு அதிகாரி உங்களை எஃப்-1 மாணவராக ஏற்று உள்ளே அனுப்புகிறாரே, அந்த நேரத்தில் தொடங்குவதுதான் ஸ்டேட்டஸ், அதாவது மாணவராக நாட்டில் இருக்கும் சட்ட நிலை. அன்றிலிருந்து நீங்கள் நாட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ரயில் ஏறும்போது காட்டிய டிக்கெட் வேறு, ஏறிய பிறகு பெட்டியில் நடந்துகொள்ளும் முறை வேறு என்பது போல.

அந்த நுழைவின் பதிவுக்கு ஐ-94 என்று பெயர். இப்போது அது மின்பதிவுதான். எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை அமெரிக்காவுக்குள் வந்ததும் முதல் வேலையாக இதைப் பாருங்கள். பெயர் சரியாக இருக்கிறதா, வகை எஃப்-1 என்று இருக்கிறதா, எதுவரை தங்கலாம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். அதிகாரி தவறுதலாகச் சுற்றுலா வகையைப் பதிந்துவிடுவதும் உண்டு. உடனே சொன்னால் திருத்திவிடலாம், மாதக்கணக்கில் கழித்துக் கண்டுபிடித்தால் பாடு.

எதுவரை தங்கலாம் என்ற இடத்தில் எஃப்-1 மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தேதி எதுவும் போடுவதில்லை. டி/எஸ் என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். விதிப்படி படித்துக்கொண்டிருக்கும் வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். இதை மாற்றி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறித்துக் கொடுக்கலாம் என ஒரு வரைவு விதியை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. எனவே உங்கள் ஐ-94-இல் இருப்பது டி/எஸ்ஸா, தேதியா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது அவசியம். தேதி இருந்தால், அந்தத் தேதிதான் கணக்கு.

யார் கவனிக்கிறார்கள்?

உங்கள் கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தின் மேலே என் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது சேவிஸ் எண். சேவிஸ் என்பது அமெரிக்கா முழுவதும் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தகவல் தளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்டவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் நுழைந்துவிட்டு, சேர வேண்டிய கல்வி நிலையத்தின் பக்கமே போகாதவர். வெளிநாட்டு மாணவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 1996-லேயே சட்டம் இருந்தும் வேலை மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு அது வேகமெடுத்து, 2003-இல் சேவிஸ் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் விசாவுக்கு முன் கட்டிய 350 டாலர் ஐ-901 கட்டணம் இந்தத் தளத்துக்கானது.

இந்தத் தளத்தில் உங்களைப் பற்றி எழுதும் அதிகாரம் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அலுவலருக்கு இருக்கிறது. நீங்கள் வகுப்பில் பதிந்தீர்களா, எத்தனை கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) எடுத்தீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள், வேலைக்கு அனுமதி பெற்றீர்களா என்று எல்லாம் அவர் வழியாகத்தான் அரசுக்குப் போகிறது. ஒவ்வொரு செமஸ்டரும் படிப்பு தொடங்கிய 30 நாளுக்குள் உங்கள் பதிவை அவர் உறுதிப்படுத்தியாக வேண்டும்.

டிஎஸ்ஓவைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அவர் உங்களுக்கு உதவத்தான் இருக்கிறார். பெரும்பாலானவர்கள் உண்மையான அக்கறையோடு உதவுகிறார்கள். ஆனால் அவர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. விதி மீறல் என்று தெரிந்தால் அதைச் சேவிஸில் பதிய வேண்டிய கடமை அவருக்கு உண்டு. அதனால் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் அவரிடம் போய்க் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். தவறு ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி மையம் இருக்கும், அங்கே தொடங்கலாம்.

ஸ்டேட்டஸை இழந்தவர்களின் கதைகளைக் கேட்டால் மிகப் பலவற்றில் ஒரே கோளாறு தெரியும். அவர்கள் செய்த காரியத்துக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைத்திருக்கும். கேட்காமல் செய்தார்கள், அல்லது செய்துவிட்டுக் கேட்டார்கள். எஃப்-1 விதிகளில் வரிசைக்குத்தான் உயிர் இருக்கிறது: முதலில் அனுமதி, அப்புறம் செயல். கீழே வரும் எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முழு நேரப் படிப்பு

இளநிலை மாணவர் என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரியே முடிவு செய்கிறது; பல இடங்களில் 9. கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அடுத்த செமஸ்டருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் போதும். ஆனால் உங்கள் படிப்பே கோடையில் தொடங்குகிறது என்றால் அந்தக் கோடையிலும் முழு நேரம் படிக்க வேண்டும்.

ஆன்லைன் வகுப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். குறைந்தபட்சக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பை, அதாவது 3 கிரெடிட்டை மட்டுமே சேர்க்கலாம். 12 கிரெடிட் எடுக்கும் ஒருவர் 9 கிரெடிட்டை நேரில் போய்ப் படித்தாக வேண்டும். 12-க்கு மேல் கூடுதலாக எடுப்பது ஆன்லைனில் இருந்தால் பரவாயில்லை. கொரோனா காலத்தில் இந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள், 2023-இல் அந்தத் தளர்வு முடிந்துவிட்டது. அப்போது படித்த சீனியர் "நாங்கள் எல்லாமே ஆன்லைனில்தான் எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த விதி இப்போது இல்லை, அவ்வளவுதான். சீனியர்களின் அறிவுரை வீடு பார்க்கவும் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கவும் நன்றாக உதவும். விசா விஷயத்தில் அதை ஒரு முறை டிஎஸ்ஓவிடம் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பாடம் கடினமாக இருக்கிறது, கைவிட்டால் மதிப்பெண் தப்பும் என்று தோன்றும். பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் பாடம் போய்விடும். அந்த மென்பொருளுக்கு உங்கள் விசா தெரியாது. 12-க்குக் கீழே போகிறீர்கள் என்று எச்சரிக்காது. அதனால் தட்டுவதற்கு முன் டிஎஸ்ஓவைப் பார்க்க வேண்டும். பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள முறையான வழி இருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருக்கிறது, அமெரிக்கக் கற்பித்தல் முறை பிடிபடவில்லை, தகுதிக்குப் பொருந்தாத நிலையில் போட்டுவிட்டார்கள் என்பது போன்ற தொடக்ககாலச் சிரமங்களுக்கு ஒரு படிப்பு நிலையில் (இளநிலை, முதுநிலை போல) ஒரு முறை அனுமதி தரலாம். அப்போதும் முழுச் சுமையில் பாதியாவது எடுக்க வேண்டும். இறுதி செமஸ்டரில் பட்டத்துக்கு இரண்டு பாடம்தான் பாக்கி என்றால் அந்த இரண்டை மட்டும் எடுக்கவும் அனுமதி உண்டு. இதையும் கேட்டுத்தான் பெற வேண்டும், தானாக வராது.

நோய் என்றால் விதி இன்னும் தாராளமானது. மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியல் நிபுணரோ கடிதம் கொடுத்தால், ஒரு படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதம் வரை சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் ஒரு வகுப்புகூட எடுக்காமல் இருக்கலாம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவையும் இதில் அடங்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனம் உடைந்து அறைக்குள் முடங்கி, வகுப்புக்குப் போகாமல், கடைசியில் எல்லாப் பாடத்திலும் தோற்று, அதனால் ஸ்டேட்டஸையும் இழக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஓர் உளவியல் நிபுணரைப் பார்த்து ஒரு கடிதம் வாங்கியிருந்தால் சட்டமே அவர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கும். உதவி கேட்டால் விசா போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். கேட்டதற்காக விசா போவதில்லை.

ஒரு பாடத்தில் தோற்பது தனியாக ஸ்டேட்டஸைப் பாதிக்காது. ஆனால் கல்லூரி உங்களை நீக்கினால் சேவிஸ் பதிவும் போகும். இன்னொன்றையும் பாருங்கள். ஐ-20-இல் படிப்பு முடியும் தேதி இருக்கிறது. அதற்குள் முடியாது என்றால், அந்தத் தேதி வருவதற்கு முன்பே நீட்டிப்பு வாங்க வேண்டும். ஆய்வுத் தலைப்பு மாறியது, எதிர்பாராத ஆராய்ச்சிச் சிக்கல், நோய் ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். மதிப்பெண் குறைந்து கல்லூரியின் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தேன் என்பது ஏற்கத்தக்க காரணம் அல்ல. தேதி கடந்த மறுநாள் போய் நின்றால் டிஎஸ்ஓ விரும்பினாலும் நீட்டிக்க முடியாது.

வேலை

இதில்தான் மீள முடியாத தவறுகள் நடக்கின்றன. மற்ற மீறல்களில் பலவற்றை எப்படியாவது சரிசெய்ய வழி தேடலாம். அனுமதியில்லாமல் வேலை செய்துவிட்டால் இழந்த ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்கும் கதவே மூடிவிடுகிறது.

வளாகத்துக்குள் வேலை செய்யலாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். இரண்டு துறைகளில் வேலை செய்தால் இரண்டையும் சேர்த்து 20. போன வாரம் 15, இந்த வாரம் 25, சராசரி சரியாகிவிடும் என்ற கணக்கு செல்லாது. வளாகத்தில் மாணவர்களுக்காக நடக்கும் புத்தகக் கடை, உணவகம் போன்றவை தனியார் நிறுவனமாக இருந்தாலும் வளாக வேலைதான். அதே வளாகத்தில் புதுக் கட்டடம் கட்டும் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தால் அது வளாக வேலை ஆகாது, ஏனென்றால் அது மாணவர்களுக்குச் சேவை தருவதில்லை.

வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்க், உணவகம், உணவு டெலிவரி, டாக்ஸி ஓட்டுவது, குழந்தை பார்த்துக்கொள்வது எதுவும் அனுமதி இல்லாமல் கூடாது. ரொக்கமாக வாங்கினால் யாருக்குத் தெரியும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பல வருடம் கழித்து, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று படிவம் நேராகக் கேட்கும். உண்மையைச் சொன்னால் ஒரு சிக்கல், பொய் சொன்னால் அதைவிடப் பெரிய சிக்கல். சொந்த நாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்கிறேன், பணம் அங்கேயே வருகிறது என்ற வாதமும் பாதுகாப்பானது அல்ல; அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து செய்யும் வேலையை அமெரிக்காவில் செய்த வேலையாகவே பார்க்கும் வாய்ப்பு அதிகம். சம்பளம் வாங்கவில்லை, சும்மா உதவினேன் என்பதும் எப்போதும் காப்பாற்றாது. கோயிலிலோ அறக்கட்டளையிலோ தொண்டு செய்யலாம். சாதாரணமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை ஒரு நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்தால் அதுவும் வேலைதான்.

பணக்கஷ்டம் உண்மையிலேயே வரலாம் என்பதும் சட்டத்துக்குத் தெரியும். ஒரு கல்வியாண்டு முடித்த பிறகு, உதவித்தொகை நின்றது, குடும்பத்தில் திடீர் இழப்பு, நாணய மதிப்புச் சரிவு போன்ற எதிர்பாராத நெருக்கடி என்றால், வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய, அமெரிக்கக் குடியுரிமை-குடியேற்றச் சேவைத் துறையிடம் அனுமதி கேட்கலாம். நேரம் பிடிக்கும், செலவும் உண்டு. ஆனாலும் பெட்ரோல் பங்கில் ரொக்கத்துக்கு நிற்பதற்கு முன் இந்த வழியை விசாரிக்க வேண்டும்.

சிபிடி என்பது பாடத்திட்டத்தின் பகுதியாக அமையும் பயிற்சி. இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் இதுதான். டிஎஸ்ஓவே அனுமதி தருவார்; ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் அச்சாகி வரும். திங்கள்கிழமை அனுமதி தொடங்குகிறது, நிறுவனம் வெள்ளிக்கிழமையே அறிமுகக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறது என்றால் போகக் கூடாது. பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்த பிறகே கிடைக்கும். முழு நேர சிபிடியில் 12 மாதம் இருந்துவிட்டால், அந்தப் பட்ட நிலைக்கான ஓபிடி (பெரும்பாலோர் பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் வேலை அனுமதி) வாய்ப்பு போய்விடும்.

முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று ஆள் சேர்க்கும் கல்லூரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில முதுநிலைப் படிப்புகளில் தொடக்கத்திலேயே பயிற்சி கட்டாயமாக இருக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கையே சரக்காக விற்கிற இடங்களும் இருக்கின்றன. 2011-இல் கலிஃபோர்னியாவின் பிளஸன்டன் நகரில் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் என்ற போலி நிறுவனத்தை அரசு மூடியபோது, அங்கே பதிந்திருந்த நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் ஒரே நாளில் ஸ்டேட்டஸ் இழந்தார்கள். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி கட்டப்பட்டது. 2019-இல் வெளிவந்தது இன்னும் கொடுமை. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் குடியேற்ற அமலாக்கத் துறையே ஒரு போலிப் பல்கலைக்கழகத்தை நடத்தியது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வேலை அனுமதிக்காகச் சுமார் 600 பேர் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அரசே விரித்த வலை நியாயமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்பே நடக்காத கல்லூரிக்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்த பிறகும் அங்கே தொடர்வது மாணவர் ஸ்டேட்டஸ் ஆகாது. அரசுப் பட்டியலில் அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது என்பதையும் ஃபார்மிங்டன் காட்டிவிட்டது. அதுவும் அந்தப் பட்டியலில் இருந்த நிறுவனம்தான்.

ஓபிடி என்பது படிப்புக்குத் தொடர்பான 12 மாத வேலை அனுமதி. பெரும்பாலோர் பட்டம் முடித்த பிறகு எடுத்துக்கொள்வார்கள். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ சேவிஸில் பரிந்துரை போட்ட 30 நாளுக்குள் வேலை அனுமதிக்கான ஐ-765 விண்ணப்பம் குடியேற்றச் சேவைத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டு நிராகரிக்கப்படுவோர் உண்டு. வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து, அதிலிருக்கும் தொடக்கத் தேதியும் வந்த பிறகே வேலையில் கால் வைக்கலாம். அந்தத் தேதியிலிருந்து வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் எண்ணப்படும். மொத்தம் 90 நாள்தான். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. அதற்கு நிறுவனம், ஊழியர்களின் வேலைத் தகுதியை அரசிடம் சரிபார்க்கும் இ-வெரிஃபை திட்டத்தில் இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். வேலையில்லா நாட்களின் உச்சவரம்பு இரண்டு காலத்துக்கும் சேர்த்து 150 ஆகும். ஓபிடியிலும் நீங்கள் எஃப்-1 மாணவர்தான். வேலை மாறினால், நின்றால், 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

சின்ன விஷயங்கள்

வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியின் மாணவர் கணக்கில் மாற்றினால் பல இடங்களில் தானாகப் போய்விடும், சில இடங்களில் போகாது. முதல் முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை எப்போதும் நடப்பில் வைத்திருங்கள். வருமானம் ஒரு டாலர்கூட இல்லை என்றாலும், பெரும்பாலான எஃப்-1 மாணவர்கள் வருடந்தோறும் வரித்துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். எஃப்-2-இல் வந்திருக்கும் கணவனோ மனைவியோ வேலை செய்யவே கூடாது, பகுதி நேரமாகப் படிக்கலாம்.

கஞ்சா பல மாநிலங்களில் கடையில் விற்கிறது. மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றம், குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. தொடாதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் சேவிஸ் பதிவுகளை அரசு திடீரென்று ரத்து செய்தது. பழைய போக்குவரத்து வழக்கு, தள்ளுபடியான சிறு வழக்கு மட்டுமே இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாடு முழுவதும் வழக்குகள் போட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் பதிவுகளைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒழுங்காக நடந்தவருக்கும் இப்படி வரக்கூடும் என்பதால், பழைய ஐ-20-கள், சம்பளச் சீட்டுகள், மதிப்பெண் பட்டியல்கள், டிஎஸ்ஓவுடன் நடந்த மின்னஞ்சல்கள் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஊருக்குப் போய்வரும்போது

விசா முடிந்தால் உள்ளே இருப்பதற்குத் தடையில்லை என்றோமே, வெளியே போனால் கதை மாறும். திரும்பி வர புது விசா வேண்டும். கிளம்பும் முன் ஐ-20-இல் பயணத்துக்கான டிஎஸ்ஓ கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பவர்களுக்கு அது ஒரு வருடம், ஓபிடியில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம் செல்லும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வந்தால், முடிந்துபோன விசாவோடும் பெரும்பாலானோர் திரும்பி வரலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் அங்கே இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பித்தால் சலுகை போய்விடும். ஒருவேளை படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பழைய ஸ்டேட்டஸில் திரும்ப முடியாது.

முடியும்போதும் மாறும்போதும்

படிப்பை முடித்தவருக்கு, அல்லது ஓபிடியை முடித்தவருக்கு, 60 நாள் அவகாசம். அதற்குள் கிளம்பலாம், வேறு கல்லூரிக்கு மாறலாம், வேறு வகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நாட்களில் வேலை செய்ய முடியாது, வெளியே போய்விட்டு அதே ஐ-20-ஐக் காட்டி உள்ளே வரவும் முடியாது. டிஎஸ்ஓவிடம் முன்கூட்டியே சொல்லிப் படிப்பை நிறுத்தியவருக்கு 15 நாள். சொல்லாமல் நிறுத்தியவருக்கு ஒரு நாள்கூட இல்லை. அதே முடிவுதான், முன்னால் போட்ட ஒரு மின்னஞ்சலுக்கு 15 நாள் கிடைக்கிறது.

கல்லூரி மாறுவதென்றால் பழைய கல்லூரி உங்கள் சேவிஸ் பதிவைப் புதியதற்கு விடுவிக்க வேண்டும். புதுப் படிப்பு ஐந்து மாதத்துக்குள் தொடங்க வேண்டும். விடுவிக்கும் தேதியை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: அன்று முதல் பழைய கல்லூரி வளாகத்தில் வேலை செய்ய முடியாது, ஓபிடி ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அன்றே நின்றுவிடும்.

ஸ்டேட்டஸ் போய்விட்டால்

முதலில், இருப்பதைவிடப் பெரிதாக்கிக்கொண்டு பயப்படாதீர்கள். ஸ்டேட்டஸ் இழப்பதும், சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் எண்ணப்படுவதும் ஒன்றல்ல. 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடம் ஆனால் பத்து வருடத் தடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டி/எஸ் என்று அனுமதிக்கப்பட்ட மாணவருக்கு அந்த எண்ணிக்கை, குடியேற்றச் சேவைத் துறையோ நீதிபதியோ முறையாக முடிவு சொன்ன பிறகே பொதுவாகத் தொடங்குகிறது. ஐ-94-இல் தேதி இருப்பவருக்கு அந்தத் தேதி கடந்ததுமே தொடங்கிவிடும். இதற்காக ஆறப்போடவும் கூடாது. ஸ்டேட்டஸ் இல்லாத ஒவ்வொரு வாரமும் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டிய வாரம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நாட்டை விட்டு வெளியேறி, புது ஐ-20, புது சேவிஸ் கட்டணத்தோடு திரும்பி வருவது. விசா மறுக்கப்படும் ஆபத்து இதில் உண்டு. கிடைத்தாலும், சிபிடிக்கும் ஓபிடிக்கும் தேவையான ஒரு கல்வியாண்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்னொன்று, உள்ளே இருந்தபடியே ஐ-539 படிவத்தில் ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்பது. இதற்கு ஸ்டேட்டஸ் இழந்து ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அனுமதியற்ற வேலை செய்திருக்கக் கூடாது, திரும்பத் திரும்ப விதி மீறியவராக இருக்கக் கூடாது. நோய், விபத்து, இயற்கைப் பேரிடர், கல்லூரி மூடியது, டிஎஸ்ஓவின் கவனக்குறைவு போல உங்கள் கையை மீறிய காரணம் வேண்டும். பாடச் சுமையைக் கேட்காமல் குறைத்துவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு: டிஎஸ்ஓ அனுமதித்திருக்கக் கூடிய குறைப்புதான் அது, மனு மறுக்கப்பட்டால் கடும் பாதிப்பு நேரும் என்று இரண்டையும் காட்ட வேண்டும். டிஎஸ்ஓ ஆதரித்து புது ஐ-20 கொடுத்தால்தான் மனுவே நகரும். முடிவு வரப் பல மாதம் ஆகலாம். அதுவரை முழு நேரப் படிப்பைத் தொடர வேண்டும், வளாக வேலைகூடச் செய்ய முடியாது. நாட்டை விட்டு வெளியே போனால் மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.